கம்பெனி செக்ரட்டரி யார், அவர் என்ன வேலை பார்க்கிறார்?

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் உறவுக்காரப் பெண்ணிடம் "என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டார். "சி.எஸ். முடிச்சிட்டேன் தாத்தா. கம்பெனி செக்ரட்டரி" என்றாள். "ரொம்ப சந்தோஷம். எந்த எம்.டி.க்கு செக்ரட்டரி?" என்றார் அவர். அவள் சிரித்துச் சமாளித்துவிட்டாள். அதே படிப்பைப் படித்த எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பெரியவர் மீது தப்பில்லை. அந்தப் பெயர் அப்படி.

செக்ரட்டரி என்ற சொல் நம் ஊரில் பல பேருக்குச் சொந்தம். அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில் தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிறவர் செக்ரட்டரி. முதலாளியின் அறை வாசலில் இருந்துகொண்டு யாரை உள்ளே விடுவது என்று பார்ப்பவரும் செக்ரட்டரி. கோட்டையில் இருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் செக்ரட்டரிதான். இவர்களில் எவருடைய வேலையும் கம்பெனி செக்ரட்டரியின் வேலை கிடையாது.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்றொரு பட்டப்படிப்பு இருக்கிறது, சுருக்கமாக பி.காம். சி.எஸ். அதை முடித்தாலே பிள்ளை கம்பெனி செக்ரட்டரி ஆகிவிடும் என்று நம்பிச் சேர்த்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பாடங்கள் அந்தத் துறையைத் தொட்டுச் செல்லும். ஆனால் பட்டம் வேறு, தகுதி வேறு. சிறு கம்பெனி நடத்துகிறவர்களிடம் கேட்டாலோ, "அதெல்லாம் எங்க ஆடிட்டர் பாத்துக்குவார்" என்பார்கள். ஆடிட்டரின் வேலையும் இது கிடையாது.

சரி, பிறகு இவர் யார்? அதற்கு முன்னால் கம்பெனி என்பது யார் என்று பார்க்க வேண்டும். 'என்ன' என்று கேட்காமல் 'யார்' என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

சாமிக்குச் சொத்து உண்டு, கையெழுத்து கிடையாது

ஊரில் கோயில் நிலம் இருக்கும். அது பூசாரிக்கும் சொந்தமில்லை, தர்மகர்த்தாவுக்கும் சொந்தமில்லை. ஆவணத்தில் சாமியின் பெயர் இருக்கும். நம் நாட்டுச் சட்டம் கோயிலில் பிரதிஷ்டை செய்த தெய்வத்தை ஓர் ஆளாகவே கருதுகிறது. அந்த ஆள் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். ஆனால் குத்தகைச் சீட்டில் சாமி வந்து கையெழுத்துப் போடாது. சாமிக்காக ஒரு மனிதர் போட வேண்டும். அவர் போட்டால் செல்லும், வேறு யாராவது போட்டால் செல்லாது என்பதற்கு ஒரு முறையும் வேண்டும்.

கம்பெனியும் அப்படிப்பட்ட ஓர் ஆள்தான். பதிவு செய்த நாளிலிருந்து அதற்குத் தனிப் பெயர், தனிச் சொத்து, தனிக் கடன் எல்லாம் வந்துவிடுகின்றன. பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் இயக்குநர்கள். இயக்குநர்கள் எல்லோரும் சேர்ந்த குழுவுக்குப் போர்டு என்று பெயர். இவர்களில் எவரும் தனியாகக் கம்பெனி ஆகிவிட முடியாது, 99 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கூட.

அப்படியானால் வாயும் கையும் இல்லாத இந்த ஆள் ஒரு முடிவு எடுத்தது என்று எப்படிச் சொல்வது? கம்பெனி செக்ரட்டரியின் வேலை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

பேச்சு எப்போது முடிவாகிறது?

இரண்டு வீட்டாரும் பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, போனில் நாள் கணக்காகப் பேசியிருப்பார்கள். எல்லாம் சரிதான் என்று இரு பக்கமும் சொல்லியிருக்கும். ஆனாலும் சபையில் நாலு பேர் முன்னால் லக்னப் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றினால்தான் நிச்சயம் ஆயிற்று என்போம். அதுவரை அது பேச்சுதான்.

கம்பெனியில் அந்தப் பத்திரிகையின் இடத்தில் இருப்பது தீர்மானம். முறைப்படி கூட்டிய கூட்டத்தில், போதுமான பேர் இருக்கையில், முன்வைத்து ஏற்கப்பட்ட முடிவுக்குத்தான் அந்தப் பெயர்.

திருப்பூரில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு பனியன் கம்பெனியைப் பிரைவேட் லிமிடெட்டாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரிச் சாப்பாட்டின்போது "புது நிட்டிங் மெஷின் ரெண்டு வாங்கிடலாம், பேங்க்ல லோன் போட்டுக்கலாம்" என்று பேசி முடிக்கிறார்கள். மறுநாள் அண்ணன் வங்கிக்குப் போகிறார். மேனேஜர் கேட்கும் முதல் காகிதம் போர்டு ரெசல்யூஷன். அதாவது, தீர்மானத்தின் நகல். அண்ணனுக்குக் கோபம் வருகிறது. "கம்பெனியே நாங்க ரெண்டு பேருதானே சார்?"

அங்கேதான் பிழை. கடன் வாங்கப் போவது அண்ணனும் தம்பியும் இல்லை, கம்பெனி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி கடன் வாங்கும் அதிகாரத்தைப் போர்டு தன் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மேனேஜர் இதை வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. ஐந்து வருடம் கழித்து இருவருக்கும் மனஸ்தாபம் வந்து, "என்னைக் கேட்காம வாங்கின கடன் அது" என்று தம்பி சொன்னால் வங்கியின் பணம் என்ன ஆகும்? அன்றைக்கு அந்த இரண்டு பக்கக் காகிதம்தான் பேசும்.

சுருக்கமாக: கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அது தீர்மானத்தின் வழியாகத்தான் பேசும். அந்தத் தீர்மானம் செல்லும்படியாகப் பிறக்கிறதா, எழுத்தில் நிற்கிறதா, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லப்படுகிறதா என்று பார்ப்பதே கம்பெனி செக்ரட்டரியின் அடிப்படை வேலை.

ஒரு போர்டு மீட்டிங்கை அருகில் இருந்து பார்த்தால்

ஒன்பது இயக்குநர்கள் உள்ள ஒரு நூற்பாலைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பப்ளிக் லிமிடெட். போர்டு ஒரு வருடத்தில் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் எல்லா இயக்குநர்களுக்கும் எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். கூடவே அஜெண்டாவும், ஒவ்வொரு விஷயத்தையும் விளக்கும் குறிப்புகளும் போகும்.

அந்தக் குறிப்புகளை எழுதுவதே தனி உழைப்பு. புது ஸ்பின்னிங் யூனிட்டுக்கு நிலம் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், செக்ரட்டரி முதலில் கேட்பது நிலம் யாருடையது என்றுதான். இந்த நிலம் ஒரு கூட்டு ஃபர்முடையது என்றும், அந்த ஃபர்மில் இயக்குநர் ஒருவரும் அவர் மருமகனும் கூட்டாளிகள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதே விஷயம் வேறு தடத்துக்கு மாறிவிடுகிறது.

கூட்ட நாள் வருகிறது. அன்று வந்தவர்கள் மூன்றே பேர். கூட்டம் செல்லுமா? செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு கோரம் என்று பெயர். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. ஒன்பதில் மூன்றில் ஒரு பங்கு மூன்று. வந்திருப்பதும் மூன்று. கூட்டத்தைத் தொடங்கலாம். முதல் நான்கு விஷயங்கள் தடையில்லாமல் போகின்றன.

ஐந்தாவது விஷயம் அந்த நிலம். வந்த மூவரில் ஒருவர் அந்தக் கூட்டாளி இயக்குநர். சொந்த ஆதாயம் இருக்கும் விஷயத்தில் அவரைக் கோரத்தில் சேர்க்கக் கூடாது. அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் அறையிலேயே இருக்கக் கூடாது. அவரைக் கழித்தால் மீதி இரண்டு. கோரம் இல்லை. எம்.டி.க்கு அவசரம், நிலத்துக்காரருக்கு முன்பணம் கொடுக்க நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் மேஜையின் ஓரத்தில் இருந்து ஒருவர் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "சார், இந்த ஐட்டத்தை இன்னிக்கு எடுக்க முடியாது."

அந்த ஒருவர்தான் கம்பெனி செக்ரட்டரி. அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. நிலம் வாங்குவது லாபமா நஷ்டமா என்று சொல்வதும் அவர் வேலை இல்லை. எடுக்கும் முடிவு முறையான முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் பொறுப்பு. அந்த ஒரு வாக்கியத்தை அந்த நேரத்தில் சொல்லும் தைரியத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று நான் நினைக்கிறேன். மற்றதைச் சாஃப்ட்வேரும் செய்துவிடும்.

மொய் நோட்டும் மினிட்ஸ் புத்தகமும்

மொய் எழுதுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். வாங்கின கையோடு எழுதிவிடுவார். நடுவில் இடம் விட மாட்டார். கொடுத்தவர் பணக்காரரா, இவ்வளவு குறைவாகக் கொடுக்கலாமா என்ற விமரிசனமெல்லாம் நோட்டில் ஏறாது. பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்த நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்போம்.

மினிட்ஸ் என்பது கூட்டத்தில் நடந்ததன் அதிகாரபூர்வமான பதிவு. அதற்கும் இதே ஒழுங்குதான், இன்னும் கொஞ்சம் கறாராக. கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். பக்கங்களுக்கு வரிசையாக எண் இருக்க வேண்டும். எங்கேயோ டைப் அடித்த தாளைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட வேண்டும். யாராவது மினிட்ஸைத் திருத்தி மோசடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? நீதிமன்றத்தில் அந்தப் புத்தகம் சாட்சி. மாற்றுச் சான்று வராத வரைக்கும், அதில் எழுதியது நடந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு இயக்குநர் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை எதிர்த்திருந்தால் அவர் பெயரோடு எதிர்ப்பும் பதிவாக வேண்டும். பின்னாளில் அந்த முடிவினால் கம்பெனிக்கு வில்லங்கம் வந்தால், அவரைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான். அதை எழுதாமல் விடச் சொல்லி அழுத்தம் வரும் இடங்களும் உண்டு. எழுதுகிறவரின் நேர்மை வெளியே தெரியாமல் வேலை செய்யும் இடம் இது.

சுருக்கமாக: கூட்டத்துக்கு முன்னால் அறிவிப்பும் குறிப்புகளும், கூட்டத்தில் கோரமும் முறையும், கூட்டத்துக்குப் பின்னால் மினிட்ஸ். மூன்றும் செக்ரட்டரியின் கையில்.

21 நாள் என்றால் எத்தனை நாள்?

போர்டு மீட்டிங் இயக்குநர்களுக்கு. பங்குதாரர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை கூடுவது ஆண்டுப் பொதுக்கூட்டம், ஏ.ஜி.எம். என்பார்கள். மார்ச் 31இல் கணக்கு முடியும் கம்பெனி செப்டம்பர் 30க்குள் இதை நடத்த வேண்டும். அதற்கு 21 'முழு நாள்' முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம்.

முழு நாள் என்றால், அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். கூட்டம் செப்டம்பர் 30 என்றால் 29இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 29 முதல் 9 வரை 21 நாள். ஆக, இ-மெயிலில் அனுப்பினால் செப்டம்பர் 8க்குள் போயிருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் சேர்வதற்கு இன்னும் இரண்டு நாள் விட வேண்டும், செப்டம்பர் 6. நான் பயிற்சியில் இருந்த இடத்தில் மூத்த செக்ரட்டரி ஒருவர், கம்ப்யூட்டர் தேதியைக் காட்டினாலும், தினசரிக் காலண்டரை மேஜையில் வைத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். ஒரு நாள் குறைந்தாலும் அந்தக் கூட்டத்தில் போட்ட தீர்மானங்கள் செல்லுமா என்று யாரும் கேள்வி எழுப்பலாம். டிவிடெண்டு (லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்), இயக்குநர் நியமனம், ஆடிட்டர் நியமனம் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கின்றன.

கூட்டம் முடிந்ததும் அடுத்த கடிகாரம் ஓடத் தொடங்கும். கணக்கறிக்கையை 30 நாளுக்குள்ளும், யார் யார் பங்குதாரர், யார் இயக்குநர் முதலிய விவரங்கள் அடங்கிய ஆண்டு விவரப் படிவத்தை 60 நாளுக்குள்ளும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிகளின் பிறப்பு முதல் இறப்பு வரை பதிவேடு வைத்திருக்கும் மத்திய அரசு அலுவலகம் அது, ஆர்.ஓ.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது. தாக்கலெல்லாம் இப்போது ஆன்லைனில்தான்.

தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். சின்னத் தொகையாகத் தெரியும். இதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவங்களை ஒரு வருடம் மறந்துவிட்டால் 73,000 ரூபாய். நம் திருப்பூர் சகோதரர்கள் வியாபாரமே படுத்துவிட்டதென்று நான்கு வருடம் கம்பெனியைச் சும்மா போட்டுவைத்தாலும் இந்த மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பணத்தோடு போவதில்லை. மூன்று வருடம் தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு இயக்குநர் பதவியில் இருக்கத் தகுதி இழப்பார்கள். 2017இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள். "எங்க மாமா சொன்னாருன்னு கையெழுத்துப் போட்டேன்" என்று இயக்குநர் ஆகியிருந்த எத்தனையோ பேருக்கு அப்போதுதான் தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே தெரிந்தது.

எல்லாக் கம்பெனிக்கும் இவர் வேண்டுமா?

இந்தியாவில் வேண்டாம். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட எல்லாக் கம்பெனிகளுக்கும் முழுநேர செக்ரட்டரி கட்டாயம். மற்றபடி, பப்ளிக்காக இருந்தாலும் பிரைவேட்டாக இருந்தாலும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். செலுத்தப்பட்ட மூலதனம் என்றால் பங்குதாரர்கள் பங்குக்காக உள்ளே போட்ட பணம். விற்றுமுதலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பெனிகள் சட்டப்படி, பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் போர்டு நிரப்ப வேண்டும். முழுநேர செக்ரட்டரி ஒரே சமயத்தில் இன்னொரு கம்பெனியில் அந்தப் பதவி வகிக்க முடியாது, துணைக் கம்பெனியைத் தவிர.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே எல்லாக் கம்பெனிக்கும் ஒரு செயலாளர் இருந்தே ஆக வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படித்தான், கம்பெனி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் நியமிக்க வேண்டும்.

திருப்பூர் சகோதரர்கள் போன்ற சிறு கம்பெனிகளுக்குச் சொந்தமாக ஒருவரை வைக்க வசதியும் இருக்காது, அவசியமும் இருக்காது. ஆனால் கூட்டமும் மினிட்ஸும் தாக்கலும் அவர்களுக்கும் உண்டு. அதற்குத் தனியாகத் தொழில் நடத்தும் கம்பெனி செக்ரட்டரிகள் இருக்கிறார்கள். டாக்டர் கிளினிக் வைப்பது மாதிரி அலுவலகம் வைத்துப் பல கம்பெனிகளுக்கு வேலை செய்து தருவார்கள். பல சிறு முதலாளிகளுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் ஆடிட்டர் தலையில் வைக்கிறார்கள்.

பங்குச்சந்தைக் கம்பெனியில் வேலை இன்னும் பெரிது

பட்டியலிட்ட கம்பெனியில் முகம் தெரியாத லட்சக்கணக்கான பேரின் பணம் இருக்கிறது. அதனால் பங்குச்சந்தையை மேற்பார்வை செய்யும் செபியின் விதிகள் கூடுதலாக வருகின்றன. அங்கே செக்ரட்டரிதான் இணக்க அதிகாரி. அதாவது, விதிப்படி நடக்கிறதா என்பதற்குக் கம்பெனி சார்பில் பதில் சொல்ல வேண்டியவர்.

டிவிடெண்டு, காலாண்டு முடிவு போன்றவற்றைப் போர்டு முடிவு செய்தால், கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் பங்குச்சந்தைக்கு அறிவிக்க வேண்டும். சந்தை நேரம் முடிந்தபின் கூட்டம் முடிந்தால் மூன்று மணி நேரம் உண்டு. மற்றவர்கள் காபி குடிக்கப் போகும்போது செக்ரட்டரி லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் உள்தகவல். லாபம் இரட்டிப்பானது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் கம்பெனிக்குள் இருப்பவருக்குத் தெரியும். அதை வைத்துப் பங்கு வாங்கினால், விற்ற அப்பாவியை ஏமாற்றுவதாகும். ஆகவே ஜூன் 30இல் காலாண்டு முடிந்ததும், முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, விஷயம் தெரிந்தவர்கள் கம்பெனிப் பங்கில் கை வைக்கக் கூடாது. மற்ற நாளிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாங்கவோ விற்கவோ இணக்க அதிகாரியிடம் முன்அனுமதி கேட்க வேண்டும். எம்.டி.யாக இருந்தாலும் கேட்க வேண்டும். செக்ரட்டரி மறுக்கலாம்.

சாதாரண மனிதர்களுக்கு இவர் நேரடியாகத் தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. தாத்தா காலமான பிறகு பீரோவைச் சுத்தம் செய்யும்போது பழைய பங்குப் பத்திரம் கிடைக்கும். ஏழு வருடம் யாரும் வாங்காமல் கிடந்த டிவிடெண்டு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்ற அரசு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடம் வாங்காவிட்டால் பங்குகளும் போய்விடும். போனால் போனதுதான் என்று விட வேண்டியதில்லை. விண்ணப்பித்து மீட்கலாம். அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியது கம்பெனி. எங்கே எழுதிக் கேட்பது என்று தெரியாதவர்கள் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். செக்ரட்டரியின் பெயரும் தொடர்பு விவரமும் அதில் இருக்கும்.

இவர் யாருடைய ஆள்?

பெரியவர் கேட்ட கேள்விக்கு இங்கே வருகிறேன். எந்த எம்.டி.க்கு செக்ரட்டரி?

பழைய காலத்தில் அந்தக் கேள்வி சரியாகவே இருந்திருக்கும். 1887இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, செக்ரட்டரி வெறும் வேலையாள், சொன்னதைச் செய்கிறவர், கம்பெனி சார்பில் பேச அவருக்கு அதிகாரம் இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்றது. 1971இல் அதே நாட்டில் இன்னொரு வழக்கு. ஒரு கம்பெனியின் செக்ரட்டரி முக்கிய வாடிக்கையாளர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர என்று சொல்லி, கம்பெனி பெயரில் விலையுயர்ந்த கார்களை வாடகைக்கு எடுத்துத் தன் சொந்த வேலைக்கு ஓட்டினார். எங்களுக்குத் தெரியாது, வாடகை தர மாட்டோம் என்றது கம்பெனி. நீதிபதி டென்னிங் ஒப்புக்கொள்ளவில்லை. காலம் மாறிவிட்டது, செக்ரட்டரி இன்று வெறும் குமாஸ்தா இல்லை, நிர்வாகக் காரியங்களில் கம்பெனிக்காக ஒப்பந்தம் செய்ய அவருக்கு அதிகாரம் இருப்பதாக வெளியார் நம்புவது நியாயம்தான் என்று சொல்லி, கம்பெனியே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். தப்பு செய்த ஒரு செக்ரட்டரியின் வழக்கில்தான் செக்ரட்டரி பதவிக்கே மரியாதை வந்தது.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எம்.டி., தலைமை நிதி அதிகாரி ஆகியோரோடு செக்ரட்டரியையும் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர் என்ற வரிசையில் வைத்தது. அவரை நியமிப்பது போர்டின் தீர்மானம். சட்டங்களைக் கம்பெனி சரியாகப் பின்பற்றுகிறதா என்று அவர் அறிக்கை தர வேண்டியதும் போர்டிடம்தான். தினசரி வேலையில் எம்.டி.யோடுதான் உட்காருவார். ஆனால் அவர் கம்பெனியின் ஆள்.

இந்த மரியாதைக்கு ஒரு விலையும் உண்டு. சட்டத்தை மீறியதற்குப் பொறுப்பான அதிகாரி என்று தண்டனை வரும்போது அந்தப் பட்டியலில் இவர் பெயரும் இருக்கும். "எம்.டி. சொன்னார், செய்தேன்" என்பது பதிலாகாது.

இவரிடம் எதிர்பார்க்கக் கூடாதது

கணக்கைச் சரிபார்ப்பது ஆடிட்டரின் வேலை. அவர் வெளியிலிருந்து வருகிறவர். செக்ரட்டரி உள்ளே இருப்பவர், பார்ப்பது முறையையும் சட்டத்தையும். பட்டியலிட்ட கம்பெனிகளிலும் பெரிய பப்ளிக் கம்பெனிகளிலும் இந்த முறைகளையே தணிக்கை செய்யும் செக்ரட்டேரியல் ஆடிட் என்று ஒன்று உண்டு. அதையும் வெளியே தொழில் நடத்தும் வேறொரு கம்பெனி செக்ரட்டரிதான் செய்ய வேண்டும்.

செக்ரட்டரி இருந்தால் மோசடியே நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் தலைவர், கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் இருப்பதாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தக் கம்பெனி நல்ல நிர்வாகத்துக்கான விருது ஒன்றை வாங்கியிருந்தது. காகிதங்களெல்லாம் ஒழுங்காக இருப்பதும் உள்ளே உண்மை இருப்பதும் ஒன்றில்லை. ஆனால் காகிதம் ஒழுங்காக இருந்தால்தான், பொய் வெளிவரும் அன்று யார் என்ன சொன்னார், யார் கையெழுத்திட்டார் என்று தேடிப் பிடிக்க முடியும்.

படிப்பு

இந்தியக் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம் 1980ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் அமைந்தது, தலைமையகம் டெல்லியில். அது நடத்தும் நுழைவுத் தேர்வு, எக்ஸிக்யூட்டிவ், புரொஃபஷனல் என்று மூன்று படிகள், அதோடு 21 மாதப் பயிற்சி. பிளஸ் டூ முடித்தவர் நுழைவுத் தேர்வு எழுதலாம். கல்லூரிக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். பி.காம். சி.எஸ். படிக்கிற பிள்ளைகள் முதல் வருடத்திலேயே இதில் சேர்ந்துவிடுவது நல்லது. இரண்டு பாடத்திட்டமும் ஒன்றுக்கொன்று உதவும்.

நீங்களே பார்க்க ஒரு வழி

ஒரு கம்பெனியில் இந்த வேலையெல்லாம் நடக்கிறதா என்று வெளியிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் அதன் அடிப்படை விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, இயக்குநர்கள் யார், கடைசியாக ஏ.ஜி.எம். நடந்த தேதி என்ன, கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கறிக்கை எந்த வருடத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்போ, கம்பெனியில் டெபாசிட் போடும் முன்போ, நண்பர் சொன்னார் என்று இயக்குநராகக் கையெழுத்திடும் முன்போ ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த இரண்டு தேதிகளையும் பாருங்கள். அவை மூன்று வருடம் பழையதாக இருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.